ஐந்து நாற்பதுக்கு வரும் அலர்ட்

இது நடந்தது. நம்ப முடியாதவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. கண்ணாடிக் கடைக்காரரை எனக்குப் பல வருடமாகத் தெரியும். இப்போது என் மூக்கில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடியே அவர் பார்த்துக் கொடுத்ததுதான். ஒன்றைப் பத்தாக்கிப் பேசத் தெரியாத மனிதர். பார்வை மாறாமலிருந்தால், "பழைய கண்ணாடியே போதும், போய்ட்டு வாங்க" என்று வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்புகிறவர். அவர் சொன்னதை, சொன்ன மணி நிமிடத்தோடு எழுதுகிறேன்.

இருட்டில் நடந்ததும் இல்லை. நல்ல வெளிச்சத்தில், மாலை ஐந்து நாற்பதுக்கு.

அவர் வீட்டின் பின்பக்கம் ஒரு பெரிய கம்பிவலைக் கூண்டு இருக்கிறது. ஆள் நிமிர்ந்து நடக்கலாம். தகரக் கூரை, மணல் தரை. உள்ளே பதினொரு காக்கட்டீல் பறவைகள். தலையில் கொண்டையும் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டுமாக, கிளிக்குத் தங்கை முறை போலிருக்கும். பிள்ளை இல்லாத வீடு. அவருக்கும் மனைவிக்கும் அந்தப் பதினொன்றுதான் வீட்டுச் சத்தம்.

முன்பு பன்னிரண்டு இருந்தன. போன வருடம், பெரியவள் என்று அவர்கள் கூப்பிட்ட பெண் பறவைக்கு முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டது. கடையிலிருந்து அவர் திரும்பியபோது மணி ஆறரை. மணலில் கிடந்தது. உடம்பில் இன்னும் சூடு இருந்தது. "ஒரு மணி நேரம் முன்னாடி பார்த்திருந்தா பொழைச்சிருக்கும் சார். கொஞ்சம் சூடு கொடுத்தாலே பாதி வேலை முடிஞ்சது" என்றார் கால்நடை மருத்துவர்.

அது செத்ததைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். கீழே கிடந்து எவ்வளவு நேரம் கூப்பிட்டதோ, கேட்க ஒருவரும் இல்லையே என்பதுதான் அவரை அரித்தது. இந்த வருடம் பெரியவளின் மகள், சின்னவள், முட்டைப் பெட்டிக்குள் போக ஆரம்பித்தாள். தாய்க்கு வந்தது மகளுக்கும் வரலாம் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அவர் கடைக்கும் மனைவி நூலக வேலைக்கும் போய்விட்டால் காலை ஒன்பதிலிருந்து ஆறரை வரை வீட்டில் ஆள் கிடையாது. ஆகவே கூண்டுக்கு ஒரு கேமரா வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருந்தது.

முதல் கேமராவில், வெளிச்சம் குறைந்தால் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள் எரிந்தன. முட்டைப் பெட்டி இருந்த மூலை பகலிலும் நிழல். சிவப்புப் புள்ளிகளைப் பார்த்த சின்னவள் ஏதோ பூனைக் கண் என்று நினைத்தாளோ என்னவோ, வலையில் தொற்றிக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பெட்டிப் பக்கமே போகவில்லை. கேமரா கடைக்குத் திரும்பிப் போனது.

இரண்டாவதில் சிவப்பு இல்லை. படமும் இல்லை. தகரமும் கம்பிவலையும் வைஃபையை விழுங்கிவிட்டன. போனில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருநாள் சின்னவள் ஓர் இறக்கையைத் தூக்கிய நிலையில் படம் உறைந்துவிட்டது. உயிர் போய்விட்டது என்று பதறியவர், பரிசோதனைக் கண்ணாடி மாட்டி உட்காரவைத்திருந்த வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். சின்னவள் சாவகாசமாகத் தினை கொறித்துக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளர் அந்தப் பரிசோதனைக் கண்ணாடியோடேயே கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாவது, எது அசைந்தாலும் அலர்ட் அனுப்பியது. பதினொரு பறவைகள் இருக்கும் இடத்தில் அசையாதது எது? ஒரே நாளில் நானூற்றுப் பன்னிரண்டு அலர்ட். ஒன்றையும் விடாமல் திறந்து பார்த்தார். இறகு. தூசி. இறகு. ஈ. இறகு.

"ஊருக்கெல்லாம் கண்ணு பார்க்குறீங்க, கூண்டுக்கு ஒரு கண்ணு வாங்கத் தெரியல" என்றார் மனைவி.

மனைவியின் தம்பி அலுவலகங்களுக்குக் கேமரா மாட்டுகிறவன். குடும்பத்தில் அவனுக்கு ஒயர் என்று பெயர். அவன் போனிலேயே சிரித்தான். "மாமா, உங்க கடையில கேப்பீங்கள்ல, இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருக்கான்னு? நாங்களும் ஏதோ ஒண்ணைச் சொல்லிட்டு எந்திரிக்கிறோம்ல? அப்படி ஒண்ணைச் சொல்லிட்டுப் போங்க மாமா."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சின்னவள் முதல் முட்டை இட்டுவிட்டாள். இன்னும் இரண்டு மூன்று வரும்.

அந்த எரிச்சலோடுதான் தன் கடைக்கு நாலு கடை தள்ளியிருந்த செல்போன் ரிப்பேர் கடைக்குப் போனார். அலமாரியில் வெள்ளையாக, உருண்டையாக ஒன்று இருந்தது.

"புதுசு இல்லண்ணே. ஆனா படம் கண்ணாடி மாதிரி இருக்கும். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"யாருது தம்பி?"

"வீடு காலி பண்ணுன சாமானோட வந்துச்சு. ரெண்டு பேர் வாங்கிட்டுப் போய்த் திருப்பிக் கொடுத்துட்டாங்க."

"ஏன்?"

"ஒத்து வரலையாம். வேற ஒண்ணும் சொல்லல."

திங்கட்கிழமை காலை மாட்டினார். படம் அவ்வளவு சுத்தம். சிவப்பு விளக்கு இல்லை. வட்டம் சுற்றவில்லை. போனில் படத்தின் மேல் மூலையில் ஒரு கண் குறி, அதன் பக்கத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று ஓர் எண். அவர் திறந்தபோது 1. நூலகத்திலிருந்து மனைவியும் திறந்தபோது 2. ஆறு வாரத்தில் முதல் தடவையாக அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

நாள் முழுக்க ஓர் அலர்ட்கூட வரவில்லை.

ஐந்து நாற்பதுக்கு ஒன்று வந்தது.

திறந்தார். கூண்டில் எதுவும் அசையவில்லை. எதுவுமே. பதினொரு பறவைகள் ஒன்றாக அசையாமலிருந்து அவர் பார்த்ததே இல்லை. எல்லாம் கிளையில் வரிசையாக உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்து, ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. தரையில், இடது மூலையை. அங்கே வெறும் மணல்.

இருபது வினாடி. பிறகு ஒன்று தலையைச் சிலுப்பியது. பழைய இரைச்சல் திரும்பியது.

செவ்வாய். ஐந்து நாற்பது. அதே அலர்ட். அதே மூலை. இந்த முறை அவர் ஒலியைக் கூட்டினார்.

டொக்... டொக்... டொக்.

இரும்பால் டைல்ஸ் தரையைத் தட்டுகிற சத்தம். நிறுத்தி, மறுபடியும் மூன்று. அதன் பின்னால் ஒரு சுவர்க் கடிகாரம் நகரும் ஓசை. கூண்டில் டைல்ஸ் கிடையாது. கடிகாரம் கிடையாது. படம் கூண்டிலிருந்து வந்தது. சத்தம் ஏதோ அறையிலிருந்து வந்தது.

"மைக் கோளாறு மாமா" என்றான் ஒயர். "பக்கத்து வீட்டுச் சத்தத்தை இழுக்கும்."

"பக்கத்துல வீடே இல்லடா. காலி மனை."

"அப்ப எதிர் வீடு. அந்த அலர்ட்ட ஆஃப் பண்ணிட்டு வேலையப் பாருங்க."

புதன். ஐந்து நாற்பது. டொக்... டொக்... டொக். நடுவில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

அவருக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது. நாலு கேமரா. ஆறு வாரம். சாதுவான மனிதர், வாழ்க்கையில் முதல் தடவையாகப் போனை மேசையில் ஓங்கி வைத்தார். பிறகு எடுத்து, அலர்ட்டை ஆஃப் செய்தார். நேரம் கிடைக்கும்போது நாமே திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்.

அந்த ஒரு காரியத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது என்று என்னிடம் சொன்னார்.

வியாழன் காலை. தண்ணீர் மாற்றக் கூண்டுக்குள் போனார். ஆண் பறவை ஒன்று உண்டு, நாளெல்லாம் விசிலடிக்கும். அன்று அது விசிலடிக்கவில்லை. தரையில், இடது மூலையில் நின்றிருந்தது. மரச்சட்டத்தை அலகால் தட்டியது.

மூன்று தட்டு. நிறுத்தம். மறுபடியும் மூன்று.

அன்று மாலை கடையில் ஒரு பெண் எழுத்துப் பலகையை வாசித்துக்கொண்டிருந்தார். போன் மேசை இழுப்பறைக்குள் இருந்தது. அலர்ட் ஆஃப். ஒலியும் ஆஃப்.

சுவரில் மணி ஐந்து நாற்பது.

டொக்... டொக்... டொக்.

அந்தப் பெண் வாசிப்பதை நிறுத்தினார். "சார், யாரோ கதவத் தட்டுறாங்க."

கதவு திறந்துதான் இருந்தது.

இழுப்பறையைத் திறந்தார். திரை தானாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

டொக்... டொக்...

மூன்றாவது தட்டு வரவில்லை. அதற்குப் பதில் ஒரு குரல். மெல்லிய, வறண்ட குரல்.

"யாராவது... இருக்கீங்களா..."

போனையே அணைத்துவிடலாம் என்று விரல் போனது.

அந்த இடத்தில்தான் அவர், கேமராவைத் திருப்பிக் கொடுத்த அந்த இருவரிலிருந்தும் மாறினார் என்று நினைக்கிறேன். யாரோ, எதுவோ. கூப்பிடுகிறது. கூப்பிட்ட குரலை அணைக்க அவருக்கு மனம் வரவில்லை. இறைவனை நினைத்துக்கொண்டு, திரையில் இருந்த பேசுகிற பொத்தானை அழுத்தினார்.

"இருக்கேன். பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

தட்டுவது நின்றது.

கடிகாரம் மட்டும்...

பிறகு, ரொம்ப நேரம் அடக்கி வைத்திருந்ததைப் போல, ஒரு நீண்ட மூச்சு.

அதற்கப்புறம்தான் படத்தைப் பார்த்தார்.

பத்துப் பறவைகள். கிளையில். இடது மூலையைப் பார்த்தபடி.

இன்று மூலை காலியாக இல்லை.

சின்னவள் கிடந்தாள். இறக்கை விரிந்து.

ஓடினார். வீட்டை அடைந்தபோது ஐந்து ஐம்பத்தொன்று. உயிர் இருந்தது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியில் பொதிந்து, மேசை விளக்கின் கீழே வைத்தார். மருத்துவர் வந்தார். ஏழு பத்துக்கு முட்டை வெளியே வந்தது. "இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா முடிஞ்சிருக்கும். சரியாப் பார்த்தீங்க" என்றார் மருத்துவர்.

சனிக்கிழமை கேமராவைக் கழற்றி எடுத்துக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனார்.

"இது யார் வீட்டுல இருந்துச்சு தம்பி? மறைக்காம சொல்லு."

ரிப்பேர்காரர் திருப்புளியைக் கீழே வைத்தார். "ஒரு வயசான அம்மாண்ணே. தனியா இருந்தாங்க. மகன் வெளியூர். அவர்தான் சமையலறையில இதை மாட்டிட்டுப் போனார். ஒருநாள் வழுக்கி விழுந்துட்டாங்க. எந்திரிக்க முடியல. கையில இருந்த கரண்டியால தரையைத் தட்டியிருக்காங்க. மறுநாள்தான் கதவ உடைச்சாங்க."

"கேமரா மகனுக்குச் சொல்லலையா?"

"சொல்லியிருக்கும். சும்மா சும்மா வருதுன்னு முந்தின நாள்தான் அலர்ட்ட ஆஃப் பண்ணியிருக்கார். பாவம், அவரும் மனுஷன்தானே. அந்த அம்மா விழுந்தது அதுல பதிவாகியிருந்துச்சாம்."

"எத்தனை மணிக்கு?"

"சாயங்காலம். அஞ்சு நாப்பது."

கண்ணாடிக் கடைக்காரர் தான் கேட்ட சத்தத்தைச் சொன்னார். பேசியதையும் சொன்னார்.

ரிப்பேர்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். கேமராவைத் திருப்பி, இரண்டு திருகுகளைக் கழற்றி, மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு குழிகள் காலியாக இருந்தன.

"மைக்கையும் ஸ்பீக்கரையும் வந்த அன்னைக்கே நான் கழட்டி வேற கேமராவுக்குப் போட்டுட்டேன். இதுல எதுவும் கேக்காதுண்ணே. பேசவும் முடியாது."

அவர் கேமராவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மூடியைப் பூட்டி வாங்கிக்கொண்டு வந்து, அதே இடத்தில் மாட்டினார். தினமும் காலையில் கடைத் துணியால் அதன் லென்ஸைத் துடைக்கிறார். ஐந்து நாற்பதுக்குப் போனைத் திறந்து, "இருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்கிறார். அன்றிலிருந்து தட்டுகிற சத்தம் வரவில்லை.

போன ஞாயிறு அவர் வீட்டுக்கு நானே போயிருந்தேன். சின்னவளின் குஞ்சுகள் இரண்டு, முள்ளு முள்ளாக இறகு முளைத்து, பெட்டி ஓட்டையில் தலை நீட்டின. நாங்கள் மூவரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். அவர் மனைவியின் போன் எங்கள் கண் முன்னால், அணைந்த நிலையில் சார்ஜில் இருந்தது. அவர் தன் போனைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

கண் குறியின் பக்கத்தில் 1.

ஐந்து நாற்பது.

"இருக்கேன்" என்றார்.

பறவைகள் அசையாமல் நின்றன. தரையைப் பார்க்கவில்லை. அத்தனையும் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தன.

கண் குறியின் பக்கத்தில்...

2.