நட்டில் ஒன்றரைச் சுற்று

எதையும் ஒரேயடியாக முறுக்குவது அந்த லிஃப்ட் மெக்கானிக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. வீட்டுத் தண்ணீர்க் குழாயை அவர் மூடிவிட்டு வந்தால், மனைவி எழுந்துபோய் இன்னொரு தடவை மூடுவாள். “குழாய்க்கு வலிக்கும்னு பாக்கறீங்களா?” என்பாள். அவர் சிரிப்பதோடு சரி. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று மணிக்கணக்கில் ஆறுதல் சொல்பவர், வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டார். அவர் இல்லாத அந்த வீட்டில் இப்போது எந்தக் குழாயும் சொட்டுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் பேசுவார். அதற்குக் காரணம் முழங்கை நீளத்தில், இஞ்சின் வைத்த ஒரு ரேஸ் பக்கி, குட்டிப் பந்தயக் கார். ரிமோட்டில் அதை ஓட்டியவன் மனைவியின் தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். வண்டியைக் கட்டிக் காப்பாற்றும் பொறுப்பு மெக்கானிக்குடையது. முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் பெரிய போட்டிக்குப் போகலாம். பதினோரு வருடமாக அது மட்டும் தம்பியின் கைக்கு எட்டவில்லை.

முன்சக்கரங்களைத் திருப்புவது தீப்பெட்டி அளவுள்ள சர்வோ என்ற மோட்டார். அதன் பல்சக்கரங்கள் மிகப் பொடியானவை. சக்கரம் எதிலாவது மோதினால் அடி அவற்றுக்குப் போகாமல் நடுவில் ஒரு ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். அந்த ஸ்பிரிங்கை ஒரு நட்டு இறுக்கிப் பிடித்திருக்கும். நட்டை முறுக்கினால் வண்டி சொன்ன பேச்சு கேட்கும். ஆனால் மோதினால் பல் போகும். தளர்த்தினால் பல் பிழைக்கும், வளைவில் வண்டி சோம்பும். இதை வைத்துத்தான் இருவருக்கும் ஓயாத சண்டை. போன மாதம் ஒரு சர்வோ போயிருந்தது. இப்போது வண்டியில் இருப்பது ஒன்றுதான், கையிருப்பு கிடையாது. தான் வைத்த அளவு மாறாதிருக்க, மனைவியின் நகப்பூச்சால் நட்டின்மேல் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார்.

இறுதிப் போட்டி இருபது நிமிடம். இரண்டாவது முறை எரிபொருள் ஊற்ற வண்டி உள்ளே வந்தபோது தம்பி மூன்றாவது இடத்தில் இருந்தான். மனைவி பாட்டிலைக் கவிழ்த்தாள். அவர் முன்பக்கச் சேற்றைத் துடைக்கக் குனிந்தார். சிவப்புக் கோடு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. நட்டு ஒன்றரைச் சுற்று உள்ளே போயிருந்தது.

காலையில் தேநீர் வாங்க அவர் எழுந்துபோன நேரம் நினைவுக்கு வந்தது.

“ஊத்தியாச்சு, விடுங்க!” என்றாள் மனைவி.

அவர் வண்டியைப் பிடித்தபடியே சட்டைப்பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார்.

ஓட்டுநர் மேடையிலிருந்து கத்தல் வந்தது. “மாமா! என்ன பண்றீங்க? விடுங்க மாமா!”

“ஸ்டியரிங்க தொடாத மாப்ள!”

“ஐயோ, கால்ல விழறேன், விடுங்க!”

அரைச் சுற்று. ஸ்பேனர் வழுக்கியது. இஞ்சின் சூடு மணிக்கட்டைச் சுட்டது. ஒரு வண்டி சீறிக்கொண்டு கடந்தது, பின்னாலேயே இன்னொன்று. இன்னும் ஒரு சுற்று. மூன்றாவது வண்டியும் போனது. அவர் கையை எடுத்தார்.

ஆறாவது இடம். தம்பி வெறிபிடித்தவன்போல ஓட்டினான். கடைசிக்கு முந்தைய சுற்றில் ஒருவரைத் தாண்டினான். அடுத்தவரைத் தாண்டப் போய், வலது சக்கரம் பாதையோரம் பதித்த தடுப்புக் குழாயில் மடாரென்று மோதியது. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். சக்கரம் கோணிக்கொண்டு போய், துள்ளி நேரானது. வண்டி ஓடியது. ஐந்தாவதாக முடித்தது.

தம்பி இறங்கி வந்தான். ரிமோட்டை மேசைமேல் மெதுவாக வைத்தான். அந்த நிதானத்தைப் பார்த்துத்தான் அவருக்குப் பயம் வந்தது.

“பத்தொம்பது செகண்டு புடிச்சு வச்சிருந்தீங்க, மாமா.”

“நீ ஏண்டா அவருக்குத் தெரியாம முறுக்கின?” என்றாள் அக்கா.

“சொன்னா விட்டிருப்பாரா?”

“மாட்டேன்,” என்றார் அவர்.

தம்பி சர்வோவைக் கழற்றி, மூடியைத் திறந்து, பல்சக்கரங்களை ஒவ்வொன்றாகத் துணியில் பரப்பினான். லென்ஸ் பார்க்கும் கண். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

“ஒரு கீறல்கூட இல்ல. முறுக்கினபடியே இருந்திருந்தாலும் தாங்கியிருக்கும்.”

நட்டைத் தளர்த்தியதால்தான் பல் பிழைத்தது என்று அவர் சொல்லியிருக்கலாம். முழுப் பல்லை வைத்துக்கொண்டு அதை எப்படிக் காட்டுவது?

“தாங்கியிருக்கலாம், மாப்ள.”

“லிஃப்டுல மாட்டினவன பத்திரமா வெளிய எடுத்துட்டீங்க. சந்தோஷமா?” என்று சொல்லிவிட்டுத் தம்பி பஸ்ஸைப் பார்த்து நடந்தான்.

கார் பின்சீட்டில் பக்கி மட்டும் வந்தது. மனைவி திரும்பி அதைப் பார்த்தாள்.

“நெஜமாவே உடைஞ்சிருக்குமா?”

அவர் கியரை மாற்றினார்.

“தெரியலடி.”