காந்தாரத்துக்கு வந்த ஆடு

அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனதிலிருந்து நான் கிள்ளையில் பெரியம்மா வீட்டில் வளர்ந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் வீடியோ காலில் அம்மாவுக்கு எதையாவது பாடிக் காட்டுவேன். அதனால்தான் பள்ளி ஆண்டு விழாவில் பாட என் பெயரைச் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லாம் எங்கள் பாட்டு டீச்சரின் யோசனை. ஏழு ஸ்வரங்களும் ஏழு பிராணிகளின் குரலாம். ஸ மயில், ரி காளை, க ஆடு. இப்படிச் சொன்னால்தான் பிள்ளைகளுக்குச் சங்கீதம் பிடிக்கும் என்றார். மயிலும் யானையும் லேப்டாப்பிலிருந்து கத்தும். உடனே ஒரு பிள்ளை அந்த ஸ்வரத்தைப் பாட வேண்டும். எனக்குக் 'க', அதாவது காந்தாரம். பெரியம்மாவிடம் ஆடு இருந்ததால் அது மட்டும் நேரிலேயே வரட்டும் என்று முடிவானது. ஆட்டையும் குட்டியையும் லோடு ஆட்டோவில் ஏற்றிச் சிதம்பரத்திலிருந்த பள்ளிக்குப் போனோம்.

விழாவுக்குச் சற்று முன் நடந்த ஒத்திகையில் ஆடு தோரணத்தைத் தின்ன மட்டுமே வாயைத் திறந்தது.

"இது கத்தவே கத்தாதாம்மா?" என்றார் டீச்சர்.

"குட்டி கண்ணுல படலன்னா கத்தும் டீச்சர். ஊரையே கூட்டிடும்," என்றாள் பெரியம்மா, பெருமையாக.

உடனே குட்டியை மேடைக்குப் பின்னால் பெஞ்சு அடுக்கும் அறையில் தள்ளித் தாழ் போட்டார்கள். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அத்தனை பெரியவர்களில் ஒருவருக்குக்கூடச் சங்கடமாக இல்லை.

விழாவில் ஆடு கத்தியது. கயிற்றை இழுத்து, திரும்பித் திரும்பிப் பார்த்துக் கத்தியது. உள்ளேயிருந்து குட்டியும் கத்தியது. கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் ஒருவர் கண்ணை மூடித் தலையாட்டி ரசித்தார். "கேட்டீங்களா பிள்ளைங்களா, இதுதான் காந்தாரம்," என்று மைக்கில் சொன்ன டீச்சர், என்னைப் பாடச் சொல்லிச் சாடை காட்டினார்.

நான் பாடவில்லை. நேரே பின்னால் போய்த் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன். குட்டி பாய்ந்து வந்து நடுமேடையில் தாயின் மடியை முட்டியது. ஆடு அடங்கிவிட்டது. அதோடு காந்தாரமும் முடிந்தது.

டீச்சர் எல்லார் முன்னாலும் திட்டினார். பெரியம்மா வழியெல்லாம் திட்டினாள். போதாததற்கு, வெள்ளிக்கிழமை போனில் முழுக் கதையையும் ஒப்பித்தாள்.

"உன் பொண்ணு என் மானத்த வாங்கிட்டாடி. என்னான்னு கேளு."

அம்மா அதைக் கேட்கவில்லை. "குட்டி பால் குடிச்சிச்சாடி?" என்றாள் என்னிடம்.

"குடிச்சிது."

"சரி, அங்க பாடாதத இப்ப பாடு."

பாடினேன். பாதியில் அம்மாவின் முகம் போய்த் திரை கறுத்தது. "சிக்னல் இல்லடி. நீ பாடு, கேக்குது," என்று ஜலதோஷம் பிடித்தாற்போலக் குரல் மட்டும் வந்தது.

ஆட்டுக்குட்டியை விசாரிக்கத் தெரிகிறது, என்னை உட்கார்ந்து பார்க்க முடியவில்லையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. போனைப் பெரியம்மா கையில் திணித்துவிட்டு வெளியே போய்விட்டேன். குரல் அவ்வளவு தெளிவாகக் கேட்கும்போது, நான் பாடத் தொடங்கினால் மட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் படம் ஏன் போய்விடுகிறது என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.