டீசலின் காது

துறைமுகத்தில் அவரை எல்லோரும் டீசல் என்றுதான் கூப்பிடுவார்கள். அடையாள அட்டையில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்க்கக் கொஞ்ச நேரமாகும். ஐம்பதைத் தாண்டிய மெக்கானிக். இன்ஜினைப் பார்க்க மாட்டார், கேட்பார். முழ நீள ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். எந்த சிலிண்டர் மக்கர் பண்ணுகிறது, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். படகுத்துறையின் இந்தக் கோடியில் நின்றுகொண்டு அந்தக் கோடியில் கிளம்பும் படகுக்கு அவர் வைத்தியம் சொன்னதாகக் கதைகள் உண்டு. பாதி உண்மை. மீதி அவரே கிளப்பிவிட்டது.

அவருடைய அக்காவிடம் ஒரு பாய்மரப் படகு இருக்கிறது. கடலைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போவது அக்காவின் தொழில். காற்று ஒத்துழைத்தால் பாய். துறையை விட்டுக் கிளம்பவும், திரும்பி வந்து கட்டவும், நடுக்கடலில் காற்று காலை வாரினால் வீடு வந்து சேரவும் இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். அதைப் பொருத்தியது தம்பிதான். படகு அறைக்கு இறங்கும் படிகளுக்குக் கீழே, மரப்பெட்டிக்குள் அது உட்கார்ந்திருக்கும். சுக்கான் பிடித்து நிற்கிறவரின் முழங்காலுக்கு நேர் எதிரே. அது ஓடும்போது பேச வேண்டுமென்றால் கத்தித்தான் பேச வேண்டும். கத்திக் கத்தி, கரைக்கு வந்த பிறகும் அக்காவுக்கும் தம்பிக்கும் அதே குரல் ஒட்டிக்கொண்டது. கீழ்வீட்டில் அக்கா, மாடியில் தம்பி. இருவரும் சமையலறையில் சாதாரணமாகப் பேசிக்கொண்டாலே, என்ன சண்டையோ என்று பக்கத்து வீட்டில் ஜன்னலைத் திறப்பார்கள்.

அப்படியொரு ஜன்னல் திறந்த நாளில்தான் அக்கா விஷயத்தைச் சொன்னார்.

"இடது காது போனது போனதுதானாம். வலதும் பின்னாலேயே கிளம்பிடுச்சாம். இனிமே அந்த இன்ஜின் பக்கத்துல நிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"காதுல பஞ்சு வச்சுக்க."

"பஞ்சு வச்சுக்கிட்டு நின்னா, ஒருத்தன் தண்ணில விழுந்தா எனக்கு எப்படித் தெரியும்? எழுதிக் கொடுத்துட்டு விழுவானா?"

டீசல் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.

"ஒண்ணு நான் படகை விட்டு இறங்கணும், இல்ல உன் இன்ஜின் இறங்கணும். கரண்ட் மோட்டார் போட்டா சத்தமே இருக்காதாம். நான் இறங்கினா நாள் பூரா இந்த வீட்டுலதான் உட்கார்ந்திருப்பேன். யோசிச்சுக்க."

"கரண்ட்ல ஓடறது ஃபேன்க்கா. படகு இல்ல."

"சரி, ஃபேன் மாட்டறவங்களைக் கூப்பிட்டுக்கறேன். நீ குறுக்க வராம இருந்தாப் போதும்."

சொன்னபடியே கூப்பிட்டும் விட்டார். வந்த பெண்மணி மூன்று சக்கர வண்டிகளுக்கு மோட்டாரும் பேட்டரியும் பொருத்திக் கொடுக்கிறவர். கடைத்தெருவில் பேட்டரிக்காரம்மா என்றால் தெரியும். அதுவரை எந்தப் படகிலும் கால் வைத்ததில்லை. படிக்கட்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கரையில் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த டீசலிடம் வந்தார்.

"அண்ணே, மோட்டார் சுத்தும், அதுக்கு நான் பொறுப்பு. சுத்தறது இந்தக் கம்பி வழியா வெளியில இருக்கிற விசிறிக்குப் போகணும், தண்ணி உள்ள வரக் கூடாது. அதெல்லாம் எனக்குத் தெரியாது."

அந்தக் 'கம்பி' என்ற வார்த்தைதான் டீசலை எழுப்பிவிட்டது. ஷாஃப்டைக் கம்பி என்று சொல்கிறவரிடம் அக்காவின் படகை ஒப்படைத்துவிட்டு எப்படித் தூங்குவது?

பாயின் கீழ்மரத்தை உயர்த்திக் கட்டி, அதில் செயின் பிளாக்கை மாட்டி இன்ஜினைத் தூக்கினார்கள். எண்ணெய் சொட்டச் சொட்ட அது ஆடிக்கொண்டே வெளியே வந்தது. கரையில் இறக்கி வைத்ததும் பழந்துணியால் அதன் தலையைத் துடைத்துவிட்டார் டீசல். நிமிர்ந்து பார்த்தால், படகு பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தண்ணீருக்குள்ளேயே கிடந்த பாசிப்பட்டை ஒரு சாண் அகலத்துக்கு வெளியே தெரிந்தது.

"பாரு, இத்தனை நாள் எவ்வளவு கனத்தைச் சுமந்திருக்கு" என்றார் அக்கா.

"எல்லாம் ஒரு சமநிலைக்குத்தான்" என்றார் டீசல் கடுப்பாக.

பேட்டரிகளை எங்கே வைப்பது என்று தண்ணீர் கேன்களைக் கொண்டு கண்டுபிடித்தார்கள். பேட்டரியின் எடைக்குக் கேனில் தண்ணீர் நிரப்பி, உள்ளே இங்கும் அங்கும் நகர்த்தினார்கள். அக்கா கரையில் நின்று, பாசிக்கோடு தண்ணீரில் படிகிறதா என்று பார்த்து, "இன்னும் பின்னால, இன்னும் கொஞ்சம்" என்று சத்தம் கொடுத்தார். கோடு படிந்த இடத்தில் சாக்பீஸால் குறி போட்டார்கள். மோட்டாரை ஷாஃப்டோடு பெல்ட்டில் கோத்து நேர்ப்படுத்தும் வேலையை டீசல் யாரையும் தொட விடவில்லை.

ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. படகு கயிறுகளில் கட்டிக்கிடந்தது. அக்கா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த படகில் டீசல் இன்ஜின் தடதடத்துக்கொண்டிருந்தது.

"லிவர் நடுவுல இருக்கணும். அப்புறம்தான் சுவிட்ச். ஏடாகூடமா ஏதாச்சும்னா இந்தச் சிவப்புப் பட்டன்" என்று சொல்லிவிட்டு, பேட்டரிக்காரம்மா விட்டுவந்த மீட்டரை எடுக்க வண்டிக்குப் போனார். வரும்வரை டீசலுக்குப் பொறுக்கவில்லை. லிவரை நடுவில் வைத்தார், சுவிட்சைப் போட்டார். அதன் பிறகு அவர் கை அவரைக் கேட்காமலே லிவரைக் கொஞ்சம் முன்னால் தள்ளியது. டீசல் இன்ஜினை எழுப்ப முதலில் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுக்க வேண்டும். முப்பது வருடத்துப் பழக்கம்.

காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பக்கத்துப் படகின் தடதடப்பைத் தவிர ஒன்றுமில்லை.

"சொன்னேன்ல" என்று முனகியபடி கீழே இறங்கினார். குப்புறப் படுத்து, ஷாஃப்டுக்குப் பின்னால் போகும் வயர் கழன்றிருக்கிறதா என்று தடவிப் பார்க்கக் கையை நீட்டினார். மினுக்கான எஃகு ஷாஃப்ட், சுற்றினாலும் நிற்பது போலத்தான் தெரியும். சத்தமில்லாதது ஓடாதது என்றுதான் அவர் காதுக்குத் தெரியும்.

மேலே அக்கா கத்துவது கேட்டது. அக்கா எப்போதும் கத்துகிறவர்தானே. டீசல் திரும்பவில்லை.

சட்டைக் கையை ஏதோ பிடித்து இழுத்தது. மணிக்கட்டு ஷாஃப்டை நோக்கிப் போனது. உடனே இழுவை நின்றது.

அவர் தலையைத் தூக்கியபோது அக்கா சிவப்புப் பட்டனை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடியே நின்றிருந்தார். கரையிலிருந்து படகுக்கு எப்படித் தாவினார் என்று அவருக்கே தெரியாது. சட்டைக் கை ஷாஃப்டின் போல்ட்டில் சுற்றி, தையலோடு கிழிந்திருந்தது. உள்ளே இருந்த கைக்கு ஒன்றுமில்லை.

"கையை எடுன்னு கத்தினேனே. காது கேக்கலியா உனக்கு?"

டீசலுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவுக்கும்தான்.

"கேட்டுச்சு" என்றார். "நீ சும்மா பேசறேன்னு நினைச்சேன்." ஷாஃப்டைப் பார்த்தபடியே, "ஓடுதுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"பின்கயிறு விறைச்சுது. சுக்கான்கிட்ட தண்ணி சுழிச்சுது. காது போனதுலேர்ந்து நான் இதைப் பார்த்துத்தானே படகு ஓட்டறேன்."

இது டீசலுக்குப் புதுச் செய்தி. தினமும் பார்க்கிற அக்கா, ஒருவரிடமும் சொல்லாமல் காதின் வேலையைக் கண்ணுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். ஊரிலுள்ள இன்ஜின்களின் மூச்சையெல்லாம் எண்ணியவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. கிழிந்த துணியை போல்ட்டிலிருந்து பிரித்தெடுக்க நேரமானது. அவசரப்படவில்லை.

மீட்டரோடு வந்த பேட்டரிக்காரம்மா சட்டையைப் பார்த்தார், லிவரைப் பார்த்தார். "அண்ணே, ஸ்டார்ட் பண்ணப் பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். டீசல் தலையாட்டினார். பிறகு கடைக்குப் போய் வெள்ளை பெயிண்ட் வாங்கிவந்து, ஷாஃப்டின் நீளவாக்கில் ஒரு பட்டைக்கோடு போட்டார். சுற்றினால் கோடு கலையும், நின்றால் கோடு தெரியும். பெட்டிக்குள் ஒரு சின்ன விளக்கும் மாட்டினார். சுவிட்சைப் போட்டால் அதுவும் எரியும்.

பெயிண்ட் காய்ந்ததும் மூன்று பேரும் கிளம்பினார்கள். துறையின் வாயைத் தாண்டினார்கள். படகின் வயிற்றில் தண்ணீர் தட்டும் சத்தம், பாய்மரத்தில் கயிறு உரசும் சத்தம். டீசலுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கிழியாத சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு, ஸ்குரூ டிரைவரை பேரிங் மூடியில் ஊன்றிக் காதில் வைத்தார். மணல் அரைபடுவது போல மெலிதான ஒரு கரகரப்பு. நேற்று வந்ததல்ல, பழசு. அவருடைய இன்ஜினின் சத்தத்துக்கு அடியில் எத்தனை காலமாகவோ ஒளிந்திருந்தது.

படியில் தலையை நீட்டி வழக்கமான குரலில் சொன்னார். "அக்கா, பின் பேரிங் தேய்ஞ்சிருக்கு. அடுத்த வாரம் மாத்தணும்."

பேட்டரிக்காரம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். பாய்மரத்து உச்சியில் உட்கார்ந்திருந்த பறவை எழுந்து பறந்தது.

அக்கா சுக்கானை விடாமல், வலது காதை அவர் பக்கம் லேசாகச் சாய்த்தார்.

"ஏண்டா கத்தற?" என்றார், மெதுவாக. "கேக்குது."