வாலுக்குப் போகும் கம்பி

என் அத்தான் இருபத்தாறு வருடமாகப் பல் செட் செய்கிறவர். பல் டாக்டர் இல்லை; டாக்டர் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து லேப்பில் உட்கார்ந்து பல்லை உருவாக்குகிறவர். பஸ்ஸில் யாராவது சிரித்தால் முகத்தைப் பார்க்கமாட்டார். "மேல்வரிசை நம்ம வேலை, மச்சான்" என்று என் காதைக் கடிப்பார்.

வேலையில் இறங்கிவிட்டால் முனகுவார். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. பழைய ஃபிரிட்ஜ் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். அக்காவுக்கு அது ஆகவே ஆகாது.

ஸ்கூட்டர் சறுக்கியதில் அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்து மூன்று வாரமாகியும் அவர் லேப் பக்கம் போகவில்லை. "கை சரியாயிடுச்சுன்னு டாக்டரே சொல்லிட்டார்டா. இவர்தான் நம்பமாட்டேங்கறார்" என்றாள் அக்கா போனில். வெளிநாட்டில் இருந்துகொண்டு நான் செய்யக்கூடியது கவலைப்படுவதுதான். அதில் எனக்கு நல்ல பழக்கம். லீவில் வந்தபோது பழைய போர் விமானம் ஒன்றின் பிளாஸ்டிக் மாடல் பெட்டியை வாங்கி வந்தேன். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே அதில் பித்து. கையில் கொடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது: கை ஒத்துழைக்காவிட்டால், அந்தக் கெட்ட செய்தியைப் பெட்டியில் கட்டி எடுத்துவந்தவன் நானாகிவிடுவேன்.

நான்கு நாளில் இறக்கை, சக்கரம், கண்ணாடி மூடி எல்லாம் ஒட்டிவிட்டார். வாயே திறக்கவில்லை. ஞாயிறு காலை, பாக்கி இருந்தது ரேடியோவுக்கான ஏரியல் கம்பி மட்டும். விமானியின் இருக்கைக்குப் பின்னாலிருக்கும் சின்னக் கம்பத்திலிருந்து வால் வரை போவது. அது பெட்டியில் வராது. பாகங்களைத் தாங்கி வந்த பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை வெட்டி, மெழுகுவத்தியில் காட்டி, இளகியதும் இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். ஒரே சீராக இழுத்தால் தலைமுடி போல நீளும். துளி நடுங்கினாலும் அறுந்துபோகும்.

முதல் துண்டு அறுந்தது. இரண்டாவதும் அறுந்தது.

"அவ்வளவுதான், மச்சான். லேப்ல சொல்லிடறேன், வேற ஆளைப் பாத்துக்கட்டும்."

துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

"ஏங்க, மூச்சே விடாம உக்காந்திருந்தா கை நடுங்காம என்ன செய்யும்? முனகுங்க."

"என்னது?"

"கல்யாணமான நாளிலேருந்து என் உயிரை வாங்கினீங்களே, அந்தச் சத்தம். கை உடைஞ்சதிலேருந்து காணோம்."

"நீதானே வேண்டாம்னே?"

"இப்ப வேணுங்கறேன். முனகுங்க!"

அத்தான் சிரித்துவிட்டார். மூன்றாவது துண்டைச் சுடரில் காட்டினார். ஃபிரிட்ஜ் மெல்ல ஓடத் தொடங்கியது. கைகள் விலக விலகக் கம்பி நீண்டது; மேசை ஓரம் வரை நீண்டும் அறவில்லை. அளவாக வெட்டி, இடுக்கியால் ஒரு நுனியைக் கம்பத்திலும் மறு நுனியை வாலிலும் ஒட்டினார்.

"இனி தினமும் இதைக் கேட்டுத் தொலைக்கணுமா" என்றபடி அக்கா மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள்.

அத்தான் லேப் முதலாளிக்குப் போன் போட்டார். "நாளைக்கு வர்றேன். கீழ்வரிசை செட் ஏதாவது வந்திருந்தா யாரும் தொட்டுடாதீங்க."