இடக்காதில் இறங்கிய சுருதி

சனிக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு என் மகள் மைதிலி, "அம்மா, இன்னைக்கு மாமா அனுப்புனதுல சுருதியே சேரல" என்றாள். எல்லாம் தவறத் தொடங்கிய நேரம் அது. எனக்கு அப்போது அது தெரியவில்லை. இட்லித் தட்டை இறக்கி வைத்தபடி, பதினேழு வயதில் இவளுக்குச் சுருதி பிசகுவது தெரிகிறதே என்று மனதுக்குள் பூரித்துக்கொண்டேன்.

கடல் தாண்டிய இந்த மாசாயில் ஏழு மணிக்குத்தான் வெளுக்கும். வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் இருட்டில் இட்லி வேகவைப்பது எனக்குப் பழகவில்லை. திருச்சியில் அந்நேரம் ஐந்துகூட ஆகியிருக்காது. ஆனால் என் அண்ணன் சேகர் எழுந்துவிடுவார். பல் துலக்குவதற்கு முன்பே பழைய கச்சேரி ஒலிப்பதிவிலிருந்து ஒரே ராகத்தின் இரண்டு துண்டுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். யார் பாடியது, எந்த வயதில் பாடியது என்று சொல்ல மாட்டார். எது முந்தியது, எது பிந்தியது, எது சபாவில், எது கோயில் பந்தலில் என்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். அவருடைய விடியற்காலை எங்களுக்குப் பசியாறும் நேரம். இங்கே காலை உணவு உண்பதைப் பசியாறுவது என்பார்கள். வந்த புதிதில் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா வேலிக்கு அப்பாலிருந்து "பசியாறிட்டியா?" என்று கேட்டபோது, இவர் நம்மைப் பட்டினி கிடக்கிறவர்கள் என்று நினைத்துவிட்டாரோ என்று கூசிப்போனேன்.

மைதிலி ஐந்து வயதில் இங்கே வந்தவள். ஒரு கச்சேரியைக்கூட முழுதாக நேரில் உட்கார்ந்து கேட்டதில்லை. ஆனால் ஒலிப்பதிவுகளுக்குள் இருக்கும் ஊரை அவளுக்கு நன்றாகத் தெரியும். பாடகரைவிட முன்வரிசையில் இருமுகிறவரை அவள் முதலில் அடையாளம் கண்டுவிடுவாள். "இது அந்த இருமல்காரர் வர்ற கச்சேரி. அப்போ மின்விசிறி சத்தமும் வரும், பாருங்க" என்பாள். வரும். எனக்கு அந்த மின்விசிறிச் சத்தம் கேட்டால் மடக்கு நாற்காலியும், சுக்குக் காபியும், வெளியே செருப்புக் குவியலும் கண்முன் வந்து நிற்கும். அவளுக்கு அது வெறும் மின்விசிறிதான். நாங்கள் இருவரும் ஒரே பதிவைக் கேட்டோம் என்று சொல்வது முழு உண்மை ஆகாது.

அன்றைக்கு வந்தது சஹானா ராகம். அவளுக்குச் சுருதி சேரவில்லை என்று அண்ணனிடம் சொன்னதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "புள்ள தேறிட்டாடி! அது டேப் ஸ்பீடு கோளாறு. ஓடவிட்ட மெஷின் மெதுவா ஓடியிருக்கும், அரைக் கட்டை இறங்கியிருக்கும். இரு, சரிபண்ணி அனுப்புறேன்" என்று குரல் செய்தி வந்தது.

இந்தப் பைத்தியம் எங்களுக்குச் சிறு வயதிலேயே பிடித்தது. வானொலிக் கச்சேரியை இரவல் வாங்கிய டேப்ரெக்கார்டரில் பதிவு செய்வோம். பேட்டரி தீரத் தீர நாடா மெதுவாக ஓடும்; பாட்டும் தூங்கி வழியும். புது பேட்டரி போட்டால் அதே பாடகர் இளைஞராகிவிடுவார். அசல் குரல் எது என்று நானும் அண்ணனும் சோறு ஆறிப்போகும்வரை சண்டை போடுவோம். "நேர்ல கேட்டாத்தான் தெரியும், கேட்டவங்கள்லாம் போய்ச் சேந்தாச்சு" என்று அம்மா அடுப்படியிலிருந்து முடித்துவைப்பார். அதனால் சுருதி சரியில்லை என்று யாராவது சொன்னால் எங்கள் வீட்டில் எல்லாரும் மெஷினைத்தான் பார்ப்போம். சொன்னவரின் காதை யாரும் பார்த்ததில்லை.

அண்ணன் வேகத்தைக் கூட்டி ஒன்று அனுப்பினார். மைதிலி ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டு, "இல்ல, இப்பவும் ரெண்டு தம்புரா மாதிரி இருக்கு" என்றாள். இன்னும் கூட்டி இன்னொன்று வந்தது. நானும் வாங்கிக் கேட்டேன். எனக்கும் ஏதோ இறக்கம் இருப்பது போலவே பட்டது. ஒருவர் இருக்கிறது என்று அடித்துச் சொன்னால் நம் காது எப்படியெல்லாம் வளைந்து கொடுக்கிறது! மத்தியானம்வரை மூவரும் உற்சாகமாகத் தர்க்கம் செய்துகொண்டிருந்தோம். இடையில் அவள், "தலை கொஞ்சம் சுத்துற மாதிரி இருக்கு" என்றாள். சாப்பிடாமல் கேட்டால் சுற்றத்தான் செய்யும் என்றேன்.

சாயங்காலம் துணி எடுக்க இருவரும் வாசலுக்கு வந்தோம். லெட்சுமி அக்கா தன் வீட்டு வேலியோரம் நின்று, "மைதிலி, இந்தா கறிவேப்பிலை" என்று கூப்பிட்டார். அவர் நின்றது இடப்பக்கம். மைதிலி வலப்பக்கம் திரும்பி, ஆளில்லாத தெருவைப் பார்த்து, "எங்கக்கா இருக்கீங்க?" என்றாள்.

"என்னா லா இது? நான் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், நீ அங்கிட்டுத் தேடுறே!" என்று அக்கா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைப்பேசியை எடுத்து அவளுடைய வலக்காதைப் பொத்தி, இடக்காதில் வைத்தேன். காலையில் கேட்ட அதே சஹானா. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போட்டுட்டீங்களாம்மா?" என்று கேட்டாள்.

கணவர் பாசிர் கூடாங்கில் ஆலை ஷிப்டில் இருந்தார். அக்கா, "அலமாக்! பயந்து ஒன்னும் ஆவப்போறதில்ல. ஏறு, என் காடியில போலாம்" என்று தன் காரைக் கிளப்பினார். கிளினிக்கில் ஓர் இளம் சீனப் பெண் மருத்துவர். ஒரு காதில் எல்லாம் அரைக் கட்டை இறங்கிக் கேட்டது, இப்போது அதுவும் இல்லை என்று என் ஆங்கிலத்தில் திணறிச் சொன்னேன்.

"உங்கள் மகள் பாடகியா?" என்று கேட்டார்.

"இல்லை டாக்டர், கேட்கிறவள்."

"எல்லாரும்தான் கேட்கிறோம், ஆன்ட்டி" என்றார் சிரித்தபடி.

ஊரில் 'அவர் நல்லாக் கேக்கிறவர்' என்றால் அது ஒரு பட்டம். பாடத் தெரிந்தவரே அப்படிப்பட்ட ஒருவர் அரங்கில் இருந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். இதை எந்த மொழியில் அந்தப் பெண்ணுக்குச் சொல்வது? அவர் ஓர் இசைக்கவையைத் தட்டி மைதிலியின் நெற்றி நடுவில் வைத்தார். எந்தப் பக்கம் கேட்கிறது என்றார். வலது என்றாள். இன்னொருமுறை வைத்தார். சிரிப்பு போய்விட்டது. அழுக்கு அடைப்பு இல்லை, உள்காது, நாளைவரை காத்திருக்காதீர்கள், இப்போதே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள் என்று கடிதம் எழுதினார்.

மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள், பின்னர் காதுக்குள்ளேயே ஊசியும் போட்டார்கள். சிலருக்கு முழுதும் திரும்பும், சிலருக்குப் பாதி, சிலருக்குத் திரும்பாது என்றார்கள். காரணம் கேட்டேன், பல நேரம் தெரிவதில்லை என்றார்கள். அதன்பின் வீட்டில் நான் எதையும் ஒலிக்கவிடவில்லை. அண்ணனும் அனுப்புவதை நிறுத்திவிட்டார். ஏழேகால் மணிக்குக் குக்கர் சத்தம் மட்டும்தான். ஒருநாள் மைதிலி இட்லியைப் பிட்டுக்கொண்டே, "ஏம்மா நிப்பாட்டிட்டீங்க? எனக்குத்தானே கேக்கல, உங்களுக்குமா?" என்றாள். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

கடைசிப் பரிசோதனையில் தாழ்ந்த ஒலிகள் கொஞ்சம் திரும்பியிருந்தன. மேலே உள்ளவை இல்லை. இனிமேல் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்றார் மருத்துவர். திரும்பும் வழியில் லெட்சுமி அக்கா வண்டி ஓட்டினார். பின்னிருக்கையிலிருந்து மைதிலி திடீரென்று, "அம்மா, மாமா அனுப்புற பழைய ரெக்கார்டிங் எல்லாம் ஒரே மைக்கில எடுத்ததுதானே?" என்று கேட்டாள்.

"ஆமாம்."

"அப்போ எல்லாமே ஒரு காதுக்குள்ள வந்துரும். புதுசுல வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம். அதுலதான் எனக்குப் பாதி போவும். பழசுல ஒன்னும் போவாது."

"கேட்டியா வசந்தா, உன் மவ கணக்கு!" என்றார் அக்கா. எனக்கு ஆறுதல் சொல்ல மைதிலி அதைச் சொன்னாளா, தனக்கேவா என்று இன்றும் எனக்குத் தெரியாது. நான் விட்டுவந்த காலத்துக்குள் இவள் முழுதாகப் போய் உட்கார்ந்துகொள்வாள் போலிருக்கிறது. அவள் வாழவேண்டிய காலம்தான் அவளுக்குப் பாதியாகக் கேட்கப் போகிறது. எந்தத் தாய் இதில் எதற்குச் சந்தோஷப்படுவாள்?

"கச்சேரி இல்லாத ஊருக்கு நான் எதுக்குடி வரணும்?" என்று வருடா வருடம் தட்டிக்கழித்த அண்ணன், நாங்கள் கூப்பிடாமலே விமானம் ஏறினார். செனாய் விமான நிலையத்தில் ஒரு துணிப்பையுடன் வெளியே வந்தபோது எனக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு நரைத்திருந்தார். வீட்டுக்குள் வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மைதிலி சோபாவின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் அருகில் இருந்தேன். அண்ணன் கைப்பேசியை எடுத்து, ஒரு பதிவைத் தேடி வைத்துக்கொண்டு, உட்காரப் போனவர் நின்றுவிட்டார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து, அவள் முகத்துக்கு நேராக வந்து மெல்லக் கேட்டார்:

"மாமா எந்தப் பக்கம் உக்காரட்டும், பாப்பா?"