பச்சையாகிப்போன கண்ணாடிக் குழாய்

எண்பதுகளில் என் வீட்டுக்காரர் பழனி ரூட்டில் தனியார் பஸ் ஓட்டினார். காலையில் வண்டி எடுக்கும்போதே அவர்மேல் சாராய வாடை அடிக்கிறது என்று எந்தப் பாவியோ முதலாளியிடம் போட்டுக்கொடுத்துவிட்டான். பேகம்பூர் பள்ளிவாசலில் ஐந்து வேளை தொழுகிற மனுஷன்! முதலாளி சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

நான் கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர். "நாளைக்குக் காலையில நானே டெஸ்ட் பண்ணிக் காட்டுறேன்" என்று முதலாளியிடம் சவால் விட்டேன்.

கண்ணாடிக் குழாயில் மணல். அதில் பொட்டாசியம் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் ஊறியிருக்கும். நல்ல ஆரஞ்சு நிறம். மூச்சுக்காற்றில் ஆல்கஹால் இருந்தால் டைகுரோமேட்டிடமிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு அது காடியாகிவிடும். ஆக்சிஜனைப் பறிகொடுத்த குரோமியம் பச்சையாகும்.

மறுநாள் வீட்டிலிருந்து நேரே தெருமுனை பஸ் ஷெட்டுக்குப் போனோம். அவர் பலூனில் ஊதினார். அந்தக் காற்றைக் குழாய்க்குள் விட்டேன்.

பச்சை!

யா அல்லாஹ்! "சத்தியமா நான் தொடலம்மா" என்றார் அவர். "சீ, பேசாதீங்க! இது பொய் சொல்லாது" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தார்.

பின்னாலேயே வந்து அடுப்படியில் பொத்தென்று உட்கார்ந்தேன். எதிரே அரிஷ்டப் பாட்டில். அவருடைய வாயுத் தொல்லைக்கு ஒரு மாதமாக, காலையில் பசியாறியதும் இரண்டு மூடி நானே ஊற்றிக் கொடுப்பேன். அன்றும் கொடுத்த கையோடுதான் கிளம்பியிருந்தோம். லேபிளில் பொடி எழுத்தில் போட்டிருந்தது: தானாக விளைந்த ஆல்கஹால் உள்ளது. அடிப்பாவி! புளிக்கவைத்துச் செய்கிற மருந்து என்பது வேதியியல் படித்த எனக்கு உறைக்கவே இல்லையே!

பாட்டிலோடு ஷெட்டுக்கு ஓடினேன். முதலாளியையே இரண்டு மூடி குடிக்கவைத்து ஊதச் சொல்லி, காற்றை இன்னொரு குழாய்க்குள் விட்டேன். அவருக்கும் பச்சை. மனுஷன் சாவியை எடுத்து நீட்டினார்.

"முதலாளி ஊதுனாலும் பச்சைதாங்க!" என்று வீட்டுக்கு ஓடிவந்து மூச்சிரைக்கச் சொல்லி, சாவியை என் வீட்டுக்காரர் கையில் வைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"முதலாளி நம்புறதுக்கு ரெண்டாவது டியூப் வேணும், சரி" என்றார். "ஒனக்குமாம்மா?"