ஜெய்னம்புவோட மொத நோம்பும் நான் தட்டுன அண்டாவும்

தும்... தும்... தும்...

மார்கழி சாயங்காலம். பனியோட பனியா பள்ளிவாசல் நகரா சத்தம் மெதந்து வரும் பாருங்க... எங்க தெரு மொத்தமும் ஒருக்கா மூச்சு விட்ட மாதிரி இருக்கும்.

நகரான்னா ஆளு ஒசரத்துப் பெரிய முரசு. ரம்ஜான் மாசத்துல பொழுது எறங்குனதும் நோம்பு தொறக்கறதுக்கு அடிப்பாங்க. அடிக்கறது அவங்களுக்கு, கேக்கறது எல்லாருக்கும். என்ற அம்மா அதக் கேட்டுத்தான் வெளக்கு வெப்பாங்க. சிறுவாணித் தண்ணிக் குழாயடியில பொம்பளைங்க, "ஏனுங்க, நகராவே அடிச்சாச்சு, உங்க கொடம் இன்னும் நெறையலீங்களா?"ன்னு மரியாதையாச் சண்டைய ஆரம்பிப்பாங்க.

பதினேழு வயசுக்காரிக்கு என்னடி பழைய நெனப்புன்னு சிரிக்காதீங்க. நம்ம வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகைக்கு எழுதித் தான்னு கேட்டது நீங்கதான்.

அப்ப எனக்குப் பன்னெண்டு. ஒரே செவுரு... இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஜெய்னம்பு. அவளுக்கும் பன்னெண்டு. அந்த வருஷந்தான் அவ மொத நோம்பு புடிச்சா. காத்தாலயே செவுத்து மேல தலைய நீட்டி, "சரசு, இன்னைக்கு எனக்குத் தண்ணிகூட இல்ல, தெரியுமா?"ன்னு மகாராணி மாதிரி சொல்லிப்போட்டுப் போனா.

எங்க ஊருல பண்டிகைக்கே நோம்பின்னுதான் பேரு. எங்க நோம்பியில பந்தி, அவங்க நோம்புல பட்டினி. "பேர மட்டும் எங்ககிட்டக் கடன் வாங்கிட்டு சோத்த உட்டுப்போட்டீங்களே"ன்னு அவளச் சீண்டுவேன்.

அன்னைக்கு எனக்குத் துவரம்பருப்புல கல்லு பொறுக்கற வேலை. மொறம் நெறையப் பருப்பு. வெளக்கு வெச்சாத்தான் விடுதலை. ஆகாசம் பூரா மேகம்... பொழுது எங்க இருக்குதுன்னே தெரியல.

அப்பத்தான் என்ற புத்திக்குள்ள பூனை நொழைஞ்சுது.

ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில கவுத்து வெச்சிருந்த பெரிய அண்டா மேல சாக்கப் போட்டு, ஒலக்கையால மெதுவா...

தும்... தும்... தும்...

உள்ள அம்மா தீப்பெட்டி ஒரசுற சத்தம். "சரசு, போதுங்கண்ணு, மொறத்த எடுத்து வெய்யி." வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். அம்மாவ ஏமாத்தத்தான் தட்டுனேன். செவுத்துக்கு அந்தப் பக்கமும் காது இருக்கறது நெனப்புக்கு வரல.

கொஞ்ச நேரங் கழிச்சு நெசமான நகரா கேட்டுது.

ஒலக்கைய எடுத்து வெக்கத் திரும்புனேன்.

செவுத்து மேல ஜெய்னம்பு மொகம். கையில கடிச்ச பேரீச்சம்பழம்.

"நீயா சரசு?"

"நானில்ல."

"நெல்லுக் குத்தற மாதிரி இருந்துச்சு. நீதான்."

தலையத் தொங்கப்போட்டேன். அவ அழல. எறங்கிப் போயிட்டா. அவங்க அம்மா பேச்சு மட்டும் கேட்டுது: "வுடு கண்ணு, ஆரோ எதையோ தட்டியிருக்காங்க. மாசம் முடிஞ்சு ஒரு நாள் புடிச்சுக்கலாம்." ஆருன்னு அவ சொல்லவேயில்ல. எங்கிட்டப் பேசவும் இல்ல. பத்து நாள், பதினஞ்சு நாள்... செவுரு வெறுஞ் செவுராவே இருந்துச்சு.

பெருநாளும் போச்சு. எங்களுக்குப் பொங்கல் வந்துச்சு. அன்னைக்குச் செவுத்து மேல தலை மொளச்சுது.

"பூநோம்பியன்னைக்கு உட்ட நோம்பப் புடிக்கப்போறேன். நீயும் புடிக்கோணும்."

பூநோம்பியா! வருஷம் பூரா நான் காத்திருக்கற நாளு. பொண்ணுங்க எல்லாம் ஆவாரம்பூப் பறிக்க ஆத்தோரம் போயி, பாடி ஆடி, கட்டுச்சோத்தப் பிரிச்சு... வேணும்னேதான் அந்த நாளப் பாத்திருக்கறா, கள்ளி. "சரி"ன்னேன். வேற என்ன சொல்றது?

ஜெய்னம்புவும் எங்ககூட வந்தா. நொய்யல் கரையில ஆவாரம்பூ மஞ்சளா விரிஞ்சு கெடந்துச்சு. வெயிலு, பாட்டு, பூ... வயித்துக்குள்ள மட்டும் கரகாட்டம். புளிச்சோத்து வாசம் என்னைப் பேரச் சொல்லிக் கூப்புட்டுது. ஆரோ "இந்தாடி"ன்னு கையில ஒரு கச்சாயப் பணியாரத்த வெச்சாங்க. பாடிக்கிட்டே கடிச்சேன், மென்னேன், முழுங்கிட்டேன்.

வெல்லம் தொண்டையில எறங்குனப்பறந்தான் நெனப்பு வந்துச்சு.

அங்கயே உக்காந்து அழுதுட்டேன். "ஜெய்னம்பு... முறிஞ்சு போச்சு!"

அவ குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா. "முறியாதுடி! மறந்து தின்னா நோம்பு போகாது. ஆண்டவனே ஊட்டுனான்னு அர்த்தம். வாயக் கொப்புளிச்சுட்டு வா."

கண்ணத் தொடச்சேன். "அப்படீன்னா அன்னைக்கு உன்றதும் முறியலதான?"

சிரிப்பு நின்னுபோச்சு. மடியில கெடந்த பூவ ஒண்ணொண்ணா உதுத்துக்கிட்டே சொன்னா:

"நான் மறந்து திங்கல சரசு. நம்பித் தின்னேன்."

அவ கையப் புடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன். அவ கைய இழுத்துக்கல. பொழுது மலைக்கு அந்தால எறங்கற வரைக்கும் ரெண்டு பேரும் அதையே பாத்துக்கிட்டிருந்தோம். அப்பறம் ஒரே சொம்புத் தண்ணி... அவ பாதி, நான் பாதி.

இப்ப நாங்க ஆர்.எஸ்.புரத்துக்கு வந்துட்டோம். பெரிய ஊடு, சுத்தீலும் காம்பவுண்டு, கூடத்துல மணியடிக்கற கடியாரம். பக்கத்தூட்டுல ஆரு இருக்கறாங்கன்னு கேட்டா அம்மாவுக்கே தெரியாது. ஜெய்னம்புவப் பொள்ளாச்சியில கட்டிக் குடுத்துட்டாங்க. தேங்காய் மண்டிக்காரர் ஊடாம்.

வருஷா வருஷம் பூநோம்பியன்னைக்கு நான் ஒரு நோம்பு புடிக்கறேன். எதுக்குன்னு ஆருகிட்டயும் சொன்னதில்ல. எனக்கு வயித்துக் கோளாறுன்னு நெனச்சு, அம்மா வெளக்கெண்ணெயோட தொரத்துவாங்க. தப்பிச்சு மாடிக்கு ஓடிருவேன்.

அன்னைக்கு ஆத்தங்கரையில பசியக்கூட ரெண்டா பங்கு போட்டுக்கிட்டோம்.

இங்க மொத்தப் பசியும் எனக்கேதான்.